சாயக்கழிவு ஸ்லட்ஜில் கல் அறுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் சாயப்பட்டறை நடத்துபவர்கள், ஹாலோ பிளாக் போடுபவர்கள், செங்கல் சூளைக்காரர்கள், வீடு கட்டுபவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கழிவைப் பயனுள்ள பொருளாக மாற்றுவது நல்ல எண்ணம்தான். அந்த எண்ணத்தை வைத்தே கழிவை ஊர் முழுக்கப் பரப்பிவிடவும் முடியும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

சாயக்கழிவு ஸ்லட்ஜ் என்பது என்ன?

துணியை வெளுத்து, சாயமேற்றி, அலசியபின் வெளியே வரும் தண்ணீரில் ஒட்டாத சாயம், உப்பு, சோடா, சோப்பு எல்லாம் கலந்திருக்கும். அதில் சுண்ணாம்பையும் ஃபெரஸ் சல்பேட்டையும் போட்டுக் கலக்கினால் நிறத்தைப் பிடித்துக்கொண்டு கசடு திரிதிரியாக அடியில் இறங்கும். அந்தக் கசடை ஃபில்டர் பிரஸ்ஸில் கொடுத்துப் பிழிந்து எடுப்பதுதான் ஸ்லட்ஜ். பிரஸ்ஸின் தட்டுகளைப் பிரிக்கும்போது கரும்பழுப்பு நிறத்தில் பலகை பலகையாக விழும். பார்க்கக் கெட்டியாக இருக்கும். ஆனால் கையுறை போட்டு ஒரு துண்டை உடைத்தால் உள்ளே களிம்பு மாதிரி வழவழவென்று இருக்கும். எடையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். வெயிலில் போட்டால் சுருங்கி வெடித்து, விளிம்பெல்லாம் வெள்ளைப் பொடி பூக்கும். அது உப்பு.

உலர்ந்த ஸ்லட்ஜில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், ஜிப்சம், இரும்பு ஹைட்ராக்சைடு. மீதி சாயமும் மற்ற கரிமப் பொருள்களும். இவற்றோடு செம்பு, குரோமியம், நிக்கல், துத்தநாகம், ஈயம் போன்ற உலோகங்கள் சிறிதளவு ஒட்டியிருக்கும். சில சாயங்களின் மூலக்கூறிலேயே செம்போ குரோமியமோ இருப்பது இதற்கு ஒரு காரணம்.

இவ்வளவு ஸ்லட்ஜ் எப்படிச் சேர்ந்தது?

நொய்யல் ஆற்றின் கதையோடு சேர்ந்தது இது. 1992-ல் சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயத்தண்ணீர் தேங்கும் குட்டையாகிவிட்டது. கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டு கழிவுநீர்கூட வெளியே விடக்கூடாது என்கிற நிலைக்குப் பட்டறைகள் வரவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. இப்போது திருப்பூரில் 18 பொது சுத்திகரிப்பு நிலையங்கள் தண்ணீரைச் சுத்தப்படுத்திப் பட்டறைகளுக்கே திருப்பிக் கொடுக்கின்றன.

ஆற்றுக்குப் போகாமல் நிறுத்திய அழுக்கு எங்காவது திடப்பொருளாகத் தங்கித்தானே ஆக வேண்டும். அதுதான் ஷெட்டுகளில் மலைபோல் குவிந்த ஸ்லட்ஜ். பின்னாளில் பல நிலையங்கள் நுண்ணுயிர் முறைக்கு மாறி, சுண்ணாம்பையும் ஃபெரஸையும் குறைத்துக்கொண்டன. அதனால் புதிதாகச் சேரும் அளவு குறைந்தது. கட்டுமானத்தில் கலப்பதைப் பற்றி யோசிக்கும் முன்பு செய்ய வேண்டிய வேலையும் இதுதான். உண்டாகாத ஸ்லட்ஜுக்கு வழி தேட வேண்டியதில்லை.

கட்டுமானப் பொருளில் கலக்கலாம் என்ற யோசனை ஏன் வந்தது?

குப்பை மாதிரி கொட்ட முடியாது. பாதுகாப்பான நிலநிரப்புக்கு, அதாவது அடியில் கசியாதபடி அமைத்துக் கழிவைப் புதைக்கும் இடத்துக்கு அனுப்பலாம். ஆனால் சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டியில் உள்ள நிலநிரப்பு வரை என்றால் திருப்பூரிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓட்ட வேண்டும். வாடகை, நிலநிரப்புக் கட்டணம் எல்லாம் சேர்ந்து கையைக் கடிக்கும்.

இன்னொரு பக்கம் மண்ணுக்கும் மணலுக்கும் தட்டுப்பாடு. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் அனுமதியில்லாமல் செம்மண் எடுத்த விவகாரத்தில் 2021-ல் சூளைகள் மூடப்பட்டதை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுண்ணாம்பும் இரும்பும் உள்ள ஒரு பொருள் சும்மா கிடக்கிறது, மண் கிடைக்கவில்லை என்றால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுவது இயல்பு.

எல்லா ஸ்லட்ஜும் ஒன்றுதானா?

இல்லை. இந்த விஷயத்தில் நடக்கும் குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் போட்டு இறக்கும் கசடு கிட்டத்தட்ட நல்ல களிமண்தான். ஆற்று வண்டலும் அலுமினியமும் இருக்கும். செங்கலுக்கு இதைவிடத் தோதான கசடு கிடையாது.

ஊர்ச் சாக்கடை நீரைச் சுத்திகரித்து வரும் கசடில் கரிமப் பொருள் அதிகம். அதைச் சுடும்போது தானே எரிந்து வெப்பம் தரும். ஆஸ்திரேலியாவின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், களிமண்ணில் கால்பங்கு இந்தக் கசடைச் சேர்த்தபோது செங்கல் சுடத் தேவையான ஆற்றல் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. ஜப்பானில் இந்தக் கசடை எரித்த சாம்பலிலிருந்தே தரைக்கற்கள் செய்திருக்கிறார்கள். நோய்க்கிருமிகளைக் கவனிக்க வேண்டும், உலோகங்களைச் சோதிக்க வேண்டும். மற்றபடி நல்ல வழி.

சாயக்கழிவு ஸ்லட்ஜ் நடுவில் நிற்கிறது. கவனத்தோடு கையாண்டால் பயன்படுத்தலாம்.

தோல் பதனிடும் நிலையங்களின் ஸ்லட்ஜ் முற்றிலும் வேறு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து ஸ்லட்ஜில் குரோமியம் நிறைய இருக்கும். பதனிடப் பயன்படுவது குரோமியம் 3. அது ஓரளவு அடங்கிக் கிடக்கும். அதைச் சுண்ணாம்போடு சேர்த்து, காற்று தாராளமாகப் போகும் சூளையில் சுட்டால் அதில் ஒரு பகுதி குரோமியம் 6 ஆக மாறிவிடும். அது தண்ணீரில் கரையும், புற்றுநோய் தரும். சுடுவதற்கு முன்பு இருந்ததைவிடச் சுட்டபின் ஆபத்து கூடும் பொருள் இது. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் காற்றைக் குறைத்து எரித்து, பிறகு சிமென்ட் கலந்து கெட்டிப்படுத்தும் முறையை ஆராய்ந்ததற்குக் காரணமே இதுதான். சாதாரணச் சூளையில் அந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவர முடியாது. தோல் ஸ்லட்ஜைச் செங்கல் சூளைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

சிமென்ட் ஆலைக்கு அனுப்புவது, செங்கல் செய்வது, பிளாக் போடுவது, எது சிறந்தது?

என் கருத்து தெளிவானது: சாயக்கழிவு ஸ்லட்ஜுக்கு முதல் வழி சிமென்ட் ஆலைதான். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

சிமென்ட் ஆலையின் சுழல் உலைக்குள் போகும் மூலப்பொருளில் சுண்ணாம்பு, சிலிக்கா, அலுமினா, இரும்பு நான்கும் வேண்டும். ஸ்லட்ஜில் சுண்ணாம்பும் இரும்பும் ஏற்கெனவே இருக்கின்றன. உலைக்குள் பொருள் 1450 டிகிரி வரை சூடாகும். சுடர் 2000 டிகிரியைத் தொடும். சாயத்தின் கரிமப் பகுதி அந்தச் சூட்டில் முழுதாக எரிந்துவிடும். உலைக்குள் சுண்ணாம்பு நிறைந்திருப்பதால் கந்தகமும் குளோரினும் தரும் அமில வாயுக்களில் பெரும்பகுதி அங்கேயே பிடிபடும். சாம்பல் என்று தனியாக எதுவும் மிஞ்சாது. எல்லாமே கிளிங்கருக்குள் (அரைத்தால் சிமென்ட் ஆகும் கட்டி) போய் அதன் படிகங்களோடு பிணைந்துவிடும். புகைபோக்கியில் வாயு அளவீட்டுக் கருவிகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். இவ்வளவும் ஒரு செங்கல் சூளையில் நடக்குமா?

குறைகளும் உண்டு. குளோரைடு கூடினால் உலையின் மேற்பகுதியில் படிந்து அடைத்துக்கொள்ளும். ஈரம் அதிகமென்றால் ஆலைக்கு எரிபொருள் நஷ்டம். பாதரசம் போன்ற ஆவியாகும் உலோகம் உலையில் நிற்காது. அதனால்தான் ஆலைகள் ஒவ்வொரு லோடையும் சோதித்து, மொத்த மூலப்பொருளில் சிறு பங்காக மட்டுமே சேர்த்துக்கொள்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதற்கென வழிகாட்டு நெறிகள் வைத்திருக்கிறது. சிமென்ட் ஆலை ஸ்லட்ஜைத் திருப்பி அனுப்பியது என்று சிலர் வருத்தப்படுவார்கள். பெரும்பாலும் ஈரத்தையோ உப்பையோ சரி செய்தால் அடுத்த லோடு உள்ளே போகும்.

அப்படியானால் செங்கல் சூளை வேண்டவே வேண்டாமா?

ஆய்வகத்தில் நன்றாக வரும் செங்கல், சூளையில் வேறு முகம் காட்டும். நம் சூளைகள் சுமார் 900 முதல் 1000 டிகிரியில் சுடுகின்றன. அதுவும் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. சூளையின் ஓரத்துக் கல்லும் நடுக்கல்லும் ஒரே சூட்டைப் பார்ப்பதில்லை. கரிமப் பொருள் எரிந்த இடமெல்லாம் கல்லில் துளையாகும். கல் லேசாகும், தண்ணீர் உறிஞ்சுவது கூடும், வலிமை குறையும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1077 செங்கல்லின் குறைந்தபட்ச வலிமையாகச் சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் கேட்கிறது. சாதாரண வகைக் கற்கள் 24 மணி நேரத்தில் தம் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சக் கூடாது. ஸ்லட்ஜின் பங்கு கூடக் கூட இந்த இரண்டு எல்லைகளையும் நோக்கி நாம் நகர்கிறோம்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை புகை. ஜிப்சம் இருப்பதால் கந்தக டை ஆக்சைடு வரும். உப்பின் குளோரைடும் அரைகுறையாக எரியும் கரிமப் பொருளும் சேர்ந்தால் டையாக்சின் போன்ற நச்சுகள் உண்டாக வாய்ப்பிருக்கிறது. சூளையில் வேலை செய்பவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்கேயே குடிசை போட்டுத் தங்குகிறார்கள். அவர்கள் மூச்சில் போவதை யாரும் அளப்பதில்லை. புகை வடிகட்டும் வசதியும் சூட்டைப் பதிவு செய்யும் கருவியும் உள்ள நவீனச் சூளையில், சோதித்த ஸ்லட்ஜைச் சிறிதளவு சேர்ப்பது வேறு விஷயம். நாட்டுச் சூளைக்கு வேண்டாம்.

ஹாலோ பிளாக், பேவர் பிளாக்கில் சுடவே வேண்டாமே. அதில் கலந்தால்?

சுடாததால் புகை இல்லை, உண்மைதான். இங்கே பிரச்சினை வேறு வடிவில் வரும்.

முதலில், சிமென்ட் இறுகுவது தாமதமாகும். ஸ்லட்ஜில் உள்ள கரிமப் பொருளும் துத்தநாகம், ஈயம் போன்றவையும் சிமென்ட் துகளைச் சுற்றிப் படிந்து வினையை மந்தப்படுத்தும். காலையில் போட்ட கல்லை மறுநாள் அடுக்கப் போனால் முனை உதிரும். பிளாக் கம்பெனிக்காரர் உடனே செய்வது சிமென்ட்டைக் கூட்டுவது. ஸ்லட்ஜால் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும்.

இரண்டாவது சல்பேட். சிமென்ட்டில் ஏற்கெனவே அளவாக ஜிப்சம் சேர்த்துத்தான் அரைக்கிறார்கள். ஸ்லட்ஜ் வழியாக இன்னும் ஜிப்சம் போனால், கல் இறுகிய பிறகும் உள்ளே எட்ரிங்கைட் என்ற படிகம் வளர்ந்து கல்லை உள்ளிருந்து விரிக்கும். 28-ம் நாள் எடுக்கும் வலிமைச் சோதனையில் இது தெரியாது. ஒன்றிரண்டு மழைக்காலம் போனபின் மயிரிழை வெடிப்பாகத் தெரியும்.

மூன்றாவது உப்பு. சுவர் அடியில் வெள்ளையாகப் பூத்து, பூச்சையும் பெயிண்டையும் தள்ளிவிடும். கம்பி உள்ள கான்கிரீட்டில் குளோரைடு போனால் கம்பி துருப்பிடிக்கும். கம்பி கட்டிய கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. எனவே தூண், பீம், ஸ்லாப், லிண்டல் எதிலும் சாயக்கழிவு ஸ்லட்ஜைச் சேர்க்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

எத்தனை சதவீதம் வரை சேர்க்கலாம்? 30 சதவீதம் என்று படித்தேனே?

2006-ல் வெளியான ஓர் ஆய்வில், பளு தாங்காத கட்டுமானப் பொருள்களில் சிமென்ட்டுக்குப் பதிலாக அதிகபட்சம் 30 சதவீதம் வரை ஜவுளி ஸ்லட்ஜைச் சேர்க்க முடியலாம் என்று சொல்லப்பட்டது. பலரும் இந்த எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அதைச் சரியாகப் படிக்க வேண்டும். 30 என்பது உச்சவரம்பு. அதுவும் சிமென்ட்டின் எடையில் 30, மொத்தக் கலவையின் எடையில் 30 இல்லை. பளு தாங்காத பொருளுக்கு மட்டும் சொன்னது. அந்த ஆய்வில் பயன்பட்ட ஸ்லட்ஜும் உங்கள் ஷெட்டில் கிடப்பதும் ஒன்றல்ல. இந்த மாதம் கறுப்புச் சாயம் அதிகம் ஓடியிருந்தால், அதே நிலையத்தின் ஸ்லட்ஜே போன மாதத்திலிருந்து மாறியிருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மொத்தக் கலவையில் 5 சதவீதம் ஸ்லட்ஜ் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொண்டால், உலர்ந்த ஸ்லட்ஜ் 100 டன்னைத் தீர்க்க 2000 டன் கலவை வேண்டும். நாலு இஞ்ச் சாலிட் பிளாக் ஒன்று சுமார் 18 கிலோ. அப்படியென்றால் ஒரு லட்சத்துக்கும் மேல் கல் போட வேண்டும். அத்தனை கல்லும் எத்தனை வீட்டுக்குப் போகும், யார் கணக்கு வைப்பார்கள்? சதவீதத்தைப் பேசுவதற்கு முன்னால் இதைப் பேச வேண்டும்.

கல்லிலிருந்து நச்சு வெளியே வருமா என்பதை எப்படிச் சோதிக்கிறார்கள்?

டி.சி.எல்.பி. என்ற கசிவுச் சோதனை இருக்கிறது. கல்லை 9.5 மில்லிமீட்டருக்குக் கீழே நொறுக்கி, அதன் எடையைப் போல் 20 மடங்கு அசிட்டிக் அமிலக் கரைசலில் போட்டு, புட்டியை 18 மணி நேரம் தலைகீழாகச் சுற்றவிடுவார்கள். பிறகு வடிகட்டி, அந்த நீரில் எந்த உலோகம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளப்பார்கள். மத்திய அரசின் 2016-ம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி குரோமியம், ஈயம், ஆர்சனிக் ஒவ்வொன்றும் லிட்டருக்கு 5 மில்லிகிராம், காட்மியம் 1, பாதரசம் 0.2 என்பது எல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த எல்லைக்குள் வந்துவிட்டது என்பதற்கு அர்த்தம், அது இந்தச் சோதனைப்படி அபாயகரம் என்று முத்திரை குத்தும் அளவுக்கு இல்லை என்பது மட்டும்தான். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், ஈயம் 0.01. அதாவது கசிவுச் சோதனையில் பாஸான தண்ணீரில் குடிநீர் அளவைவிட 100 மடங்கு குரோமியமும் 500 மடங்கு ஈயமும் இருக்க இடமுண்டு. "டி.சி.எல்.பி. பாஸ்" என்ற ஒற்றை வார்த்தையோடு நிற்காமல், எண் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். எல்லைக்கு மிகக் கீழே இருந்தால் நல்லது. ஒட்டி இருந்தால் அந்தக் கல்லைத் தொட வேண்டாம்.

இந்தச் சோதனை உலோகங்களைச் சொல்லும். சாயத்தின் கரிமப் பொருள் கசிகிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதற்குக் கசிந்த நீரின் நிறத்தையும், கரிமப் பொருள் எவ்வளவு என்று காட்டும் சி.ஓ.டி. அளவையும் கேட்கலாம்.

கடைக்காரர் வலிமைச் சான்றிதழ் காட்டுகிறார். போதாதா?

போதாது. வலிமைச் சான்றிதழ் கல் உடையுமா என்பதைச் சொல்கிறது. கல்லுக்குள் என்ன இருக்கிறது, மழையில் என்ன கசிகிறது என்பதைச் சொல்வதில்லை. கெட்டியான கல்லும் கசியலாம். ஸ்லட்ஜ் கலந்த பொருளுக்கு இரண்டு தாள் வேண்டும்: ஒன்று வலிமை, மற்றது கசிவு. இரண்டும் ஒரே தொகுதியில் எடுத்த கல்லுக்கானதா, தேதி பொருந்துகிறதா என்றும் பாருங்கள். கூடவே மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியின் நகலைக் கேளுங்கள். முறையாகச் செய்பவர் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார்.

வீட்டிலேயே ஏதாவது சோதித்துப் பார்க்க முடியுமா?

சிலவற்றைப் பார்க்கலாம். ஒரு கல்லை வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் ஊற வையுங்கள். தண்ணீரில் நிறம் இறங்கினால் அந்தக் கல்லை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு தட்டில் ஓர் அங்குலத் தண்ணீர் ஊற்றி, கல்லை நிறுத்தி வைத்து, தண்ணீர் முழுக்க வற்றிக் கல் காயும்வரை விடுங்கள். மேலே எவ்வளவு வெள்ளை பூக்கிறது என்று தெரியும். மெல்லிய படலம் என்றால் சமாளிக்கலாம். விரலில் பொடியாக ஒட்டினாலோ தோலாக உரிந்தாலோ சுவருக்கு ஆகாது. ஆனால் உலோகம் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஆய்வகம்தான்.

எந்த இடத்தில் பயன்படுத்தலாம், எங்கே கூடாது?

சோதனை எல்லாம் சரியாக இருந்தால் தொழிற்சாலை வளாகத்துக்குள் நடைபாதை, ஷெட் தரை, சுற்றுச்சுவர், வாகனம் நிறுத்துமிடம் போன்றவற்றுக்கு ஏற்றது. ஸ்லட்ஜ் உண்டான வளாகத்திலேயே பயன்படுத்துவது இன்னும் நல்லது. நாளைக்கு ஏதாவது கோளாறு என்றால் கல் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

கிணற்றுச் சுவர், தண்ணீர்த் தொட்டி, மாட்டுத் தொழுவம், வாய்க்கால், பள்ளிக்கூடம், குழந்தைகள் தவழும் தரை, மழைநீர் சேகரிப்புக் குழி இங்கெல்லாம் கூடாது. குடியிருக்கும் வீட்டுச் சுவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பேவர் பிளாக் வாங்கினால் ஐ.எஸ். 15658-ல் சொன்ன தரத்தைக் கேளுங்கள். வண்டியே போகாத இடத்துக்குக்கூட அது எம் 30, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் வலிமை கேட்கிறது. ஸ்லட்ஜ் கலந்து அதை எட்டுவது சுலபமில்லை.

அனுமதி இல்லாமல் சிறிய அளவில் செய்து பார்க்கலாமா?

கூடாது. கழிவுநீர் சுத்திகரிப்பில் வரும் ரசாயன ஸ்லட்ஜ், 2016 விதிகளின் முதல் அட்டவணையில் 35.3 என்ற எண்ணில் அபாயகரக் கழிவாகவே இருக்கிறது. விதி 9-ன்படி அதை வேறு எதற்குப் பயன்படுத்தவும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். சொந்த வளாகத்துக்குள் பயன்படுத்தினாலும் இதேதான். அந்தப் பயன்பாட்டுக்கு மத்திய வாரியத்தின் வழிமுறை ஏற்கெனவே இருந்தால் அதன்படி செய்ய வேண்டும். இல்லையென்றால் சோதனை ஓட்டம் நடத்தி மத்திய வாரியத்தின் ஒப்புதல் பெற வேண்டும். பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கவும் முடியாது. வெளியே போகும் ஒவ்வொரு லோடுக்கும் படிவம் 10 என்ற கைமாற்றுச் சீட்டு வேண்டும்.

இலவசமாக ஒரு லோடு ஸ்லட்ஜ் இறக்கித் தருகிறேன் என்கிறார்கள். சூளைக்கு வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். அதை அனுப்புபவருக்கு அகற்றும் செலவு உண்டு. உங்கள் களத்தில் இறக்கினால் அந்தச் செலவு மிச்சம், பொறுப்பு உங்கள் தலையில். சீட்டு இல்லாமல் வந்த ஸ்லட்ஜ் உங்கள் நிலத்தில் கிடந்தால், விசாரணை வரும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள். மழை பெய்தால் முதலில் கெடுவது உங்கள் கிணறு.

ஸ்லட்ஜை எப்படிக் காய வைக்க வேண்டும்?

கூரை போட்ட, தரை கசியாத ஷெட்டில். வடியும் நீர் திரும்பவும் சுத்திகரிப்பு நிலையத்துக்கே போக வேண்டும். காய்வதால் வரும் லாபம் பெரிது: முக்கால் பங்கு தண்ணீருள்ள 4 டன் ஸ்லட்ஜை 20 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் ஒன்றேகால் டன்னாகச் சுருங்கிவிடும். லாரி வாடகையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மிச்சம். சோலார் ஷெட்டில் உலர்த்தலாம். பாய்லரில் வீணாகும் சூட்டையும் இதற்குத் திருப்பலாம்.

இதில் வேலை செய்பவர்களுக்கு என்ன ஆபத்து?

காய்ந்த ஸ்லட்ஜ் பொடியாகப் பறக்கும். சுண்ணாம்பு இருப்பதால் தோலையும் கண்ணையும் அரிக்கும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. தூசியை வடிகட்டும் நல்ல மாஸ்க், கையுறை, கண்ணாடி, வேலை முடிந்ததும் குளிக்கத் தண்ணீர், உடுப்பு மாற்ற இடம் எல்லாம் நிறுவனம் தர வேண்டும். கிளறும்போது லேசாகத் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும்.

ஈர ஸ்லட்ஜ் தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு தேங்கும். யாரையும் வாயு அளக்காமல் உள்ளே இறக்காதீர்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவு ஸ்லட்ஜ் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் ஸ்லட்ஜ் பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஸ்லட்ஜைத் தேக்கிக்கொண்டே போகக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு அவர்கள் சாவு முதல் காரணம். தொழிலாளர் தங்கும் இடம் தொட்டிக்கு அருகில் இருக்கவே கூடாது.

கழிவுநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரில் மிஞ்சும் கலப்பு உப்பையும் கல்லில் போடலாமா?

கண்டிப்பாகக் கூடாது. அது ஸ்லட்ஜ் இல்லை. சோடியம் சல்பேட்டும் சோடியம் குளோரைடும் கலந்த, தண்ணீரில் முழுதாகக் கரையும் உப்பு. கல்லுக்குள் நிற்காது, முதல் மழையிலேயே வெளியேறி மண்ணில் இறங்கும். ஸ்லட்ஜும் இந்த உப்பும் ஒரே ஷெட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் கலந்துவிடுகிறது. தனித்தனி இடம், தனித்தனி நிறப் பை என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பைப் பிரித்தெடுத்து மறுபடி சாயமேற்றவே பயன்படுத்துவதுதான் அதற்குச் சரியான வழி.

முப்பது வருடம் கழித்துக் கட்டடத்தை இடித்தால் அந்த இடிபாடு என்ன ஆகும்?

இதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்டால் எனக்கு மகிழ்ச்சி. முழுக் கல்லாக இருக்கும்போது தண்ணீர் மேற்பரப்பை மட்டுமே தொடும். இடித்தால் பொடியாகி, தண்ணீர் படும் பரப்பு பல மடங்காகும். கசிவுச் சோதனைக்குக் கல்லை நொறுக்கியே எடுப்பதால் இந்த நிலைமை அதில் ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் நம் ஊரில் இடிபாடு போகும் இடம் பெரும்பாலும் குளக்கரை, பள்ளமான மனை, தோட்டத்து வண்டிப்பாதை. அங்கே போட்டவருக்கு அது ஸ்லட்ஜ் கல் என்று தெரியவே தெரியாது.

அதனால் ஸ்லட்ஜ் கலந்து கல் போடும் ஒவ்வொரு நிறுவனமும் கல்லிலேயே அழியாத குறியை அச்சிட்டு, எந்தத் தொகுதி எந்த வளாகத்துக்குப் போனது என்று பதிவேடு வைக்க வேண்டும். அச்சில் ஓர் எழுத்து வெட்டிவைக்க ஆகும் செலவு மிகக் குறைவு. வாங்குபவரும் கட்டட வரைபடத்தோடு அந்தத் தொகுதி விவரம் எழுதிய சீட்டைச் சேர்த்து வைக்க வேண்டும். இடிக்கும் நாளில் அந்தக் கல்லைத் தனியாகப் பிரித்து, மறுபடி சோதித்து, உரிய இடத்துக்கு அனுப்ப அந்தச் சீட்டுதான் உதவும்.